தாளம் யார் கையில்

2019இல் டி. கே. பட்டம்மாளின் நூற்றாண்டு வந்தது. எங்கள் ஊரிலும் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில் நினைவுக் கூட்டம் ஒன்று நடந்தது. நான் வங்கியில் கணக்கை முடித்துவிட்டுப் போய்ச் சேர்ந்தபோது பிரதானப் பேச்சாளர் அரை மணி நேரம் பேசி முடித்திருந்தார். இன்னொரு அரை மணி பேசினார். பட்டு நகரம் தந்த பட்டம்மாள் என்ற சிலேடை இரண்டு தடவை வந்தது. புடவைக் கட்டு, வைர மூக்குத்தி, நெற்றிக் குங்குமம், குடும்பப் பாங்கு, பக்தி, அடக்கம் எல்லாம் வந்தன. கடைசியில், இறங்குமுன், 'ஆண்களுக்கு நிகராகப் பல்லவி பாடிய முதல் பெண்மணி' என்றார். கைதட்டல். சங்கீதம் பற்றி அந்த ஒரு மணி நேரத்தில் சொல்லப்பட்ட ஒரே வாக்கியம் இதுதான். அதுவும் தப்பான வாக்கியம்.

பேச்சாளரைக் குறை சொல்லிப் பிரயோஜனமில்லை. இந்த வாக்கியத்தை அவர் உண்டாக்கவில்லை. பத்திரிகைகளில், மலர்களில், பாராட்டுப் பத்திரங்களில் அரை நூற்றாண்டுக்கு மேலாகப் புழங்கித் தேய்ந்த நாணயம் அது. அதில் இரண்டு பொய்கள் ஒளிந்திருக்கின்றன. 'நிகராக' என்பது ஒன்று. அளவுகோல் எங்கே இருக்கிறது என்பதை முன்கூட்டியே தீர்மானித்துவிட்டு, அதைத் தொட்டவளுக்குச் சான்றிதழ் தருவது. 'முதல்' என்பது மற்றொன்று. அது யாரை வரிசையிலிருந்து நீக்கிவிட்டு எண்ணத் தொடங்குகிறது என்பதை யாரும் கேட்பதில்லை. இரண்டாவதைப் பற்றிப் பின்னால் பேசலாம். முதலாவதைப் பேச நான் கொஞ்சம் ஊர் விட்டுப் போகவேண்டும்.

அன்டோனியா பிரிகோ என்ற பெயர் நம்மில் அதிகம் பேருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. 1902இல் ராட்டர்டாம் நகரில் பிறந்து, சிறு வயதிலேயே கலிபோர்னியாவுக்குக் கொண்டுபோகப்பட்டு, கார்ல் முக்கிடம் வாத்தியக் குழு நடத்தப் பயின்றவர். 1930இல் பெர்லின் ஃபில்ஹார்மோனிக்கை நடத்தினார். 1938இல் நியூயார்க் ஃபில்ஹார்மோனிக்கை. அங்கே அந்தக் குச்சியைப் பிடித்த முதல் பெண் அவர். கண்டக்டர் என்றால் நமக்குப் பஸ் கண்டக்டர்தான். ஆர்க்கெஸ்ட்ரா என்றால் கல்யாணத்தில் சினிமாப் பாட்டு வாசிக்கும் கோஷ்டி. ஆகவே கொஞ்சம் விளக்கவேண்டியிருக்கிறது. எண்பது, நூறு பேர் உட்கார்ந்து வாசிக்கிறார்கள். ஒருவர் மட்டும் வாசிப்பதில்லை. அவர் நிற்கிறார். அவர் கையிலிருந்து ஒரு சப்தமும் வருவதில்லை. ஆனால் எப்போது தொடங்குவது, எவ்வளவு வேகம், எங்கே தாழ்வது, எங்கே நிறுத்துவது என்பதெல்லாம் அந்தக் கையில் இருக்கிறது. நூறு பேருடைய காலத்தை ஒருவர் வைத்திருப்பது என்று சொல்லலாம். (பதினேழாம் நூற்றாண்டில் லூலி என்ற பிரெஞ்சு ராஜசபை இசைக்காரர் பெரிய தடியைத் தரையில் இடித்துத் தாளம் கொடுத்துக்கொண்டிருந்தார். ஒரு தடவை தன் காலிலேயே இடித்துக்கொண்டு, புண் புரையோடி, 1687இல் செத்துப்போனார். காலத்தைக் கையில் வைத்திருப்பதில் ஆபத்து இல்லாமல் இல்லை.)

பெண்ணுக்குக் குரல் உண்டு, அங்கே பாட அனுமதி உண்டு. ஆபரா மேடையில் பெண்ணைத் தெய்வமாகவே வைத்திருந்தார்கள். வாத்தியமும் ஓரளவு உண்டு. ஆனால் நூறு ஆண்களுடைய காலத்தை ஒரு பெண் வைத்திருப்பதா? 1933இல் நியூயார்க்கில் பிரிகோ நடத்தவிருந்த ஒரு கச்சேரியில், பெண் நடத்தும் குழுவோடு பாடமாட்டேன் என்று ஜான் சார்ல்ஸ் தாமஸ் என்ற பாடகர் மறுத்துவிட்டார். பிரிகோ பெண்களை மட்டும் சேர்த்து ஒரு குழு அமைத்தார். அது நன்றாகவே வாசித்தது. பிறகு 1939இல், பெண்களால் முடியும் என்பது நிரூபணமாகிவிட்டது, இனி ஆணும் பெண்ணும் சேர்ந்து உட்காரட்டும் என்று ஆண்களையும் சேர்த்தார். அதோடு விஷயம் தணிந்துபோயிற்று. விசித்திரமாக இருந்தவரை ஆதரவு. சாதாரணமாக ஆகிவிட்டால் ஆதரவு இல்லை. 1942இல் டென்வருக்குப் போனவர், அங்கே தொழில்முறையல்லாத வாத்தியக்காரர்களின் குழு ஒன்றைப் பல வருஷங்கள் நடத்திக்கொண்டும் பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லிக்கொடுத்துக்கொண்டும் இருந்தார். அவரிடம் சிறு வயதில் பியானோ படித்த ஜூடி காலின்ஸ் 1974இல் ஜில் காட்மிலோவுடன் சேர்ந்து அவரைப் பற்றி ஒரு டாக்குமெண்டரி எடுத்த பிறகுதான் உலகத்துக்கு ஞாபகம் வந்தது. அந்தப் படத்தில் அவர் சமையலறையில் உட்கார்ந்து பேசும் இடத்தை நான் ஒரு நண்பரின் அறையில் பார்த்தேன். வருஷத்துக்கு நாலைந்து கச்சேரிகள்தான் கிடைக்கின்றன என்று சொல்லும்போது கோபப்படுகிறார். வாத்தியக்காரனுக்கு வாத்தியம் வீட்டில் இருக்கும், தனியாக வாசித்துக்கொள்ளலாம். அவருடைய வாத்தியம் நூறு பேர். அதைக் கொடுக்காவிட்டால் அவர் கையில் வெறும் குச்சிதான்.

அதன் பிறகும் பெரிதாக எதுவும் அவசரப்பட்டு நடந்துவிடவில்லை. வியன்னா ஃபில்ஹார்மோனிக், பெண் ஒருவரை உறுப்பினராக ஏற்றுக்கொண்டது 1997இல். ஒரு பெண் அதை நடத்தியது 2005இல், சைமன் யங். மேரின் ஆல்ஸாப் பால்டிமோர் குழுவின் பொறுப்பை ஏற்றது 2007இல். அமெரிக்காவின் பெரிய குழு ஒன்றுக்கு அப்படி நியமனமான முதல் பெண் அவர். நாகரிகம் மிகுந்த தேசங்கள் என்று நம் பேராசிரியர்கள் எனக்கு பி.ஏ. வகுப்பில் சொல்லிக்கொடுத்த இடங்கள் இவை.

நம்மிடம் கண்டக்டர் கிடையாது என்று பெருமையாகச் சொல்பவர்கள் உண்டு. நம் சங்கீதம் தனிமனித மனோதர்மம், ராணுவ அணிவகுப்பு இல்லை, இத்யாதி. இது பாதி உண்மை. கச்சேரி மேடையைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். நடுவில் பாடகர். இடது பக்கம் வயலின், வலது பக்கம் மிருதங்கம், பின்னால் கடமோ கஞ்சிராவோ தம்புராவோ. பாடகரின் வலது கை தொடையில் விழுகிறது. தட்டு, விரல் எண்ணிக்கை, வீச்சு. இந்தக் கைக்குத்தான் எல்லோரும் வாசிக்கிறார்கள். மிருதங்கக்காரர் எவ்வளவு பெரிய மேதையாக இருந்தாலும், தனி ஆவர்த்தனத்தில் கணக்கு எவ்வளவு தூரம் சுற்றிப் போனாலும், கடைசிக் கோர்வையைக் கொண்டுவந்து சேர்ப்பது அந்தக் கையில்தான். அது நிற்கும் இடத்தில்தான் அவர் நிற்கவேண்டும். (எங்கள் ஊர்த் தறியிலும் கோர்வை என்றே சொல்கிறார்கள். உடலும் கரையும் வேறு வேறு நிறத்தில் சேரும் வேலை. நெய்பவர் பக்கத்தில் இன்னொரு ஆள் உட்கார்ந்து கரைக்கான நாடாவைத் தள்ளவேண்டும். இருவரில் ஒருவர் பிந்தினால் புடவை காட்டிக்கொடுத்துவிடும்.) ஆகவே நமக்குக் கண்டக்டர் இல்லாமல் இல்லை. பாடிக்கொண்டே நடத்துகிறார், அவ்வளவுதான். கை மேலே ஆகாயத்தில் இல்லாமல் தொடை மேல் இருப்பதால் அதன் அதிகாரம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

இந்த அதிகாரம் கச்சேரி முழுவதும் ஒரே அளவில் இருப்பதில்லை. ஒரு கீர்த்தனையில் அதைப் பாதி கீர்த்தனமே பார்த்துக்கொள்ளும். ஆதி தாளத்தில் ஊர் அறிந்த பாட்டு. கை தூங்கினாலும் பாட்டு நகரும். பல்லவியில் அப்படி இல்லை. ஒரே ஒரு வரி. அது எங்கே எடுக்கப்படுகிறது — தாளத்தின் தொடக்கத்திலா, தாண்டியா, முன்னாலேயா. எங்கே அருதி விழுகிறது. பிறகு அந்த வரியைத் தாளம் மாறாமல் வைத்துக்கொண்டு இரண்டாம் காலத்துக்கும் மூன்றாம் காலத்துக்கும் ஏற்றவேண்டும், அது அனுலோமம். வரியை அப்படியே நிறுத்தித் தாளத்தை மாற்றவேண்டும், அது பிரதிலோமம். பிறகு திஸ்ரம். இத்தனையும் நடக்கும்போது எடுத்த இடத்துக்கு மயிரிழை பிசகாமல் வந்து சேரவேண்டும். எதிரே மிருதங்கக்காரர் தூணாகவும் இருக்கலாம், பள்ளமாகவும் இருக்கலாம். பாடகரைக் கவிழ்ப்பதை ஒரு விளையாட்டாக வைத்திருந்த காலம் அது. பல்லவி பாடுவது என்பது மேடையில் இருக்கும் எல்லோர் மேலும் காலத்தின் எஜமானத்தனத்தை நிலைநாட்டுவது. அது ஆண்களின் கோட்டையாக இருந்ததற்கு நம் பெரியவர்கள் சொல்லும் காரணம், பெண்களுக்குக் கணக்கு வராது என்பது. பெண் சபையில் தொடை தட்டித் தாளம் போடுவது அழகல்ல என்றும் ஒரு காரணம் சொல்லக் கேட்டிருக்கிறேன். இரண்டாவது காரணம்தான் உண்மையானது. முதலாவது அதற்குப் போட்ட சட்டை.

பட்டம்மாள் உட்கார்ந்து தாளம் போட்டது இந்த இடத்தில். அவர் குரலைப் பற்றி, சுத்தத்தைப் பற்றி, தீட்சிதர் கீர்த்தனைகளைப் பற்றி வேண்டிய அளவு எழுதியாகிவிட்டது. நான் சொல்ல வருவது அந்தக் கையைப் பற்றி.

வாழ்க்கை விவரங்கள் சுருக்கமாக. தாமல் எங்கள் ஊருக்கு மேற்கே உள்ள கிராமம். அந்தக் குடும்பத்துக் கிருஷ்ணசாமி தீட்சிதரின் பெண், 1919இல் காஞ்சிபுரத்தில் பிறந்தார். வைத்த பெயர் அலமேலு. அம்மாவுக்கு நல்ல சங்கீதம் தெரியும். ஆனால் கல்யாணம், கார்த்திகைக்குக்கூட உறவினர் முன் பாட அனுமதி இல்லை. இந்த ஒரு தகவலில் எனக்கு ஒரு நாவல் இருக்கிறது. எந்த நேரத்தில் பாடிக்கொள்வாள் அந்த அம்மாள்? அடுப்பங்கரையில், எவ்வளவு மெதுவாக? அதைக் கேட்டு வளர்ந்த பெண் 1929இல், பத்து வயதில், சென்னையில் வானொலியில் பாடினாள். 1932இல் ரசிக ரஞ்சனி சபாவில் முதல் கச்சேரி. அடுத்த வருஷம் குடும்பம் சென்னைக்குக் குடிபோயிற்று. அம்பி தீட்சிதர், டி. எல். வெங்கடராமய்யர், பாபநாசம் சிவன் என்று பாடாந்தரம் பல இடங்களிலிருந்து வந்தது. 'தியாகபூமி', 'நாம் இருவர்', பாரதி பாடல்கள், 1947 ஆகஸ்ட் நள்ளிரவு வானொலி — இவை எல்லோருக்கும் தெரியும். தேசமும் தெய்வமும் அல்லாத சினிமாப் பாட்டுக்கு அவர் இசையவில்லை என்பதும் தெரியும். 1970இல் சங்கீத கலாநிதி. மியூசிக் அகாதெமி 1929இலிருந்து வருஷந்தோறும் மாநாடு நடத்தி வித்வான்களைத் தலைமை நாற்காலியில் உட்காரவைத்துவந்தது. அதில் ஒரு பெண் உட்கார 1968 வரை, எம். எஸ். சுப்புலக்ஷ்மி வரை, ஆயிற்று. பட்டம்மாள் இரண்டாவது. 2009இல் சென்னையில் காலமானார். வியன்னாவைச் சிரிப்பதற்கு முன் இந்த வருஷங்களையும் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

இப்போது அந்த 'முதல்'.

பட்டம்மாள் குழந்தையாக இருந்தபோது காஞ்சிபுரத்தில் லயம் என்றால் ஒரே பெயர்தான், நாயனாப் பிள்ளை. சுப்பிரமணிய பிள்ளை என்பது இயற்பெயர். 1889 முதல் 1934 வரை இருந்தவர். இந்த ஊரில் அவர் நடத்திய தியாகராஜ உற்சவம் பிரசித்தம். மிருதங்கம், கஞ்சிரா, கடம், கொன்னக்கோல் என்று லய வாத்தியங்களை வரிசையாக உட்காரவைத்து — 'ஃபுல் பெஞ்ச்' என்று கோர்ட் பாஷையில் அதற்குப் பெயர் — அவர்கள் எல்லோரையும் எதிர்த்துப் பல்லவி பாடுவார். ஒரு ஆள், எதிரே ஒரு லயப் படை, நடுவே ஒரு கை. கண்டக்டர் என்ற சொல்லுக்கு நம் பக்கத்தில் ஆளைக் காட்டச் சொன்னால் நான் அவரைத்தான் காட்டுவேன். சிறுமி பட்டம்மாள் அந்தக் கச்சேரிகளைக் கேட்டிருக்கிறார். குருகுலவாசம் இல்லை, பாதசேவை இல்லை, கேள்வி ஞானம். இதுவரை சரி. ஆண் மரபு, அதன் உச்சத்தில் ஒரு ஆண், அதைத் தூர இருந்து பார்த்துக் கற்றுக்கொண்ட ஒரு பெண் என்று கதை அழகாக அமைந்துவிடுகிறது. நம் மலர்க் கட்டுரைகள் இங்கே முடிந்துவிடும்.

ஆனால் நாயனாப் பிள்ளைக்கு அந்த லயம் எந்த வீட்டிலிருந்து வந்தது? அவருடைய தாயார் காமாட்சி அம்மாள். சிற்றன்னை தனகோடி அம்மாள். காஞ்சிபுரம் தனகோடி சகோதரிகள் என்று இருவரும் பெயர் பெற்ற பாடகிகள். அது பெண்களின் வீடு. தேவதாசி மரபின் வீடு. அந்த வீட்டில் பெண் தாளம் போடுவது அழகா அழகில்லையா என்ற கேள்விக்கு இடமே இருந்திருக்காது. அது அவர்கள் ஜீவனம், அவர்கள் வித்தை. ஆண்களின் கோட்டை என்று நாம் சொல்லும் அந்தப் பல்லவி மரபின் காஞ்சிபுரத்துக் கிளை, ஒரு பெண்கள் வீட்டுத் திண்ணையில் வளர்ந்தது. அதே நாயனாப் பிள்ளையிடம் வீணை தனம்மாளின் பேத்தி பிருந்தா சிறு வயதில் இங்கே வந்து பாடம் கேட்டார். கலாநிதிப் பட்டம் அவருக்கு 1976இல் வந்தது. திருவையாற்றில் பெண்களை ஆண் கோஷ்டிகள் சேர்த்துக்கொள்ளாதபோது, தியாகய்யரின் சமாதிக்குத் தன் சொத்தைச் செலவழித்துக் கோயில் கட்டிய பெங்களூர் நாகரத்தினம்மாள் பெண்களுக்கென்று தனிக் கோஷ்டி நடத்தினார். திருக்கோகர்ணம் ரங்கநாயகி அம்மாள் புதுக்கோட்டை தட்சிணாமூர்த்தி பிள்ளையிடம் கற்று மிருதங்கமே வாசித்தார். கணக்கு வராதாம்.

'முதல் பெண்' என்று எண்ணுகிறவர்கள் உண்மையில் எண்ணுவது 'முதல் பிராமணப் பெண்' என்பதை. சிலர் அதை வெளிப்படையாகச் சொல்கிறார்கள், அதில் நேர்மை இருக்கிறது. அந்த அடைமொழியை விழுங்கிவிட்டுச் சொல்பவர்களைத்தான் என்னால் சகிக்கமுடிவதில்லை. ஒரு கதவு திறந்த அதே வருஷங்களில் இன்னொரு கதவு மூடிக்கொண்டிருந்தது. 1947 தேவதாசி ஒழிப்புச் சட்டத்துக்கு இரண்டு தலைமுறை முன்பிருந்தே அந்த வீடுகளின் பெண்கள் மேடையிலிருந்து விலகிக்கொண்டிருந்தார்கள், அல்லது விலக்கப்பட்டுக்கொண்டிருந்தார்கள். சட்டம் தேவைப்பட்டது, அதை நான் மறுக்கவில்லை. அந்த வழக்கத்தின் சுரண்டலைக் கலை என்ற பெயரில் பூசி மெழுகும் அழகியல்வாதிகளோடு எனக்கு உடன்பாடு கிடையாது. ஆனால் வித்தை ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குக் கைமாறியது என்ற உண்மையையும், கைமாறும்போது மௌனமாகப் பெயர்ப்பலகை மாற்றப்பட்டது என்ற உண்மையையும் மறைக்கவேண்டியதில்லை. கல்யாண மண்டபப் பேச்சாளர் ஒரு மணி நேரம் குங்குமத்தையும் அடக்கத்தையும் பற்றிப் பேசியது தற்செயல் இல்லை. அது வேலி. அந்தப் பக்கத்துப் பெண்களிலிருந்து இந்தப் பெண்ணைப் பிரிக்கும் வேலி. அவருடைய தாளத்தைப் பற்றிப் பேசியிருந்தால் வேலி நின்றிருக்காது, ஏனென்றால் தாளம் அந்தப் பக்கத்திலிருந்து வந்தது.

இதனால் பட்டம்மாளின் தைரியம் குறைந்துவிடுகிறதா? இல்லை என்பது என் அபிப்பிராயம். கூடுகிறது என்றுகூடச் சொல்வேன். தனகோடி அம்மாளுக்குப் பின்னால் ஒரு வீடும் ஒரு மரபும் இருந்தன. இவருக்குப் பின்னால் உறவினர் முன் வாய் திறக்காத ஒரு தாயார் இருந்தாள். அங்கிருந்து எழுந்துவந்து, கீர்த்தனைகளோடு நின்று நல்ல பெயர் வாங்கிக்கொண்டு போயிருக்கலாம். அது போதுமானதாக இருந்திருக்கும். எல்லோரும் அதோடு திருப்தி அடைந்திருப்பார்கள். கையைத் தொடையில் வைத்து, ராகம் தானம் முடித்து, பல்லவியை எடுத்து, எதிரே இருக்கும் ஆணைப் பார்த்து, இப்போது என் காலத்துக்கு வா என்றது அவசியமில்லாத காரியம். கலையில் அவசியமில்லாத காரியங்கள்தான் கணக்கில் வருகின்றன.

பாலக்காடு மணி அய்யர் விஷயம் இங்கே வரவேண்டும். லய உலகில் இருபதாம் நூற்றாண்டின் மிகப் பெரிய கை. நெடுங்காலம் பெண்களுக்கு வாசிப்பதில்லை என்று வைத்திருந்தவர். அந்த விரதத்தை முதலில் தளர்த்தியது பட்டம்மாளுக்காக. அவருடைய பெண் லலிதா, பட்டம்மாளின் மகன் சிவகுமாரை மணந்தவர். எனவே இதைச் சம்பந்தி உறவு என்று சொல்லிச் சிரித்துவிடுவது சுலபம். அப்படியே சொல்கிறார்கள். நான் வேறு விதமாகப் பார்க்கிறேன். பெண்ணுக்கு வாசிக்கமாட்டேன் என்றால் என்ன அர்த்தம்? பக்கத்தில் உட்காரமாட்டேன் என்றா? பெண் குரல் பிடிக்காது என்றா? மிருதங்கக்காரர் சொல்லும்போது அதற்கு வேறு அர்த்தம் இருக்கிறது. ஒரு பெண் போடும் தாளத்தின் கீழ் நான் உட்காரமாட்டேன் என்பதே அது. 1933இல் நியூயார்க்கில் அந்தப் பாடகர் சொன்னதும் இதுதான். மணி அய்யர் போன்ற ஒருவருக்குப் பாடகர் கை நடுங்கினால் தெரிந்துவிடும். உறவுக்காகத் தாட்சண்யம் பார்க்கக்கூடிய இடம் அல்ல அது. அவர் தொடர்ந்து வாசித்தார். உறவு மேடை வரை அழைத்துவந்திருக்கலாம். பல்லவி முடியும் வரை உட்காரவைத்தது உறவு இல்லை.

நான் பட்டம்மாளை நேரில் கேட்டதில்லை. எனக்கு இந்தச் சங்கீதத்தில் காது வந்தபோது அவர் மேடையை விட்டு விலகியிருந்தார். ஒலிநாடாக்கள், அவற்றிலிருந்து பிரதி எடுத்தவை, ஒரு பெரியவர் வீட்டு இசைத்தட்டுகள். இவற்றை வைத்துத்தான் பேசுகிறேன், ஆகவே என் தீர்ப்பை அந்த அளவுக்குத் தள்ளுபடி செய்துகொள்ளலாம். கேட்டவரை எனக்குத் தோன்றுவது: அவருடைய லயத்தின் விசேஷம் வேகத்தில் இல்லை, விளம்ப காலத்தில் இருக்கிறது. தாழ்ந்த சுருதி, கனத்த சாரீரம், அவசரமே இல்லாத நடை. ஏகாம்பரநாதர் மேல் தீட்சிதர் செய்த பைரவி கீர்த்தனைபோன்ற ஒன்றை எடுத்தால், ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் நடுவே ஒரு முழு அறை இருக்கிறது. அந்த அறையில் நிற்பதுதான் கஷ்டம். வேகமாகப் போகிறவனை வேகமே தாங்கிக்கொள்ளும். மெதுவாகப் போகிறவன் தன்னைத் தானே தாங்கவேண்டும். நாயனாப் பிள்ளையின் லயம் போர்க்களம் என்று கேள்வி. இவருடையது போர் இல்லை. எதிரியைக் கவிழ்க்கும் ஆசை இதில் எங்கும் எனக்குக் கேட்கவில்லை. நான் இங்கே இருக்கிறேன், நீ எங்கே வேண்டுமானாலும் போய்விட்டு வா என்கிற நிச்சயம். 'நிகராக' என்ற சொல் இங்கேதான் அர்த்தமிழந்து போகிறது. ஆண்கள் செய்ததை இவர் செய்யவில்லை. அதே கணக்கை வைத்துக்கொண்டு வேறொன்று செய்தார்.

குறையையும் சொல்லிவிடுகிறேன். எல்லாப் பதிவுகளும் இந்தத் தரத்தில் இல்லை. சிலவற்றில் சுத்தம் சுத்தமாகவே நின்றுவிடுகிறது, அதற்கு அப்பால் எதுவும் திறப்பதில்லை. பாடாந்தரத்தின் மேல் இருந்த பக்தி ராக ஆலாபனையில் அவரைச் சில சமயம் கட்டிப்போட்டது என்று நினைக்கிறேன். மேடையின் அமைப்பையும் அவர் தொடவில்லை. அவருடைய கைக்கு ஆண்கள் வாசித்தார்கள், நல்லது. அந்த மேடையில் பெண் மிருதங்கம், பெண் கஞ்சிரா வந்து உட்கார இன்னும் எத்தனை காலம் பிடித்தது, இன்றும் எத்தனை கச்சேரிகளில் அது செய்தியாகவே இருக்கிறது. பிரிகோ ஒரு குழுவைக் கட்டிப் பார்த்துத் தோற்றார். பட்டம்மாள் ஜெயித்தார், ஆனால் தனியாக ஜெயித்தார். ஒருவருக்குக் கொடுக்கப்பட்ட விதிவிலக்கு விதியைப் பத்திரமாக வைத்திருக்க மிகவும் உபயோகப்படும். இதை அவர் மேல் குற்றமாகச் சொல்லவில்லை. அவருக்குப் பட்டங்கள் கொடுத்தவர்கள் இதை நன்றாகவே அறிந்திருந்தார்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

அவர் பாடிய பல்லவிகளின் வரிகள், ராகம், தாளம், எடுப்பு, நடை, அனுலோமம் எத்தனை காலம் என்ற விவரங்களோடு ஒரு பட்டியல் அச்சில் வந்து நான் பார்க்கவில்லை. நூற்றாண்டு மலர்களில் போட்டோக்கள் இருந்தன. பெரும்பாலும் முகம், கழுத்து வரை. ஒலிப்பதிவில் கை கேட்பதும் இல்லை. கேட்டுக்கொண்டே நாமே தாளம் போட்டுப் பார்க்கவேண்டியிருக்கிறது. என் மேஜையில் அப்படிப் போட்டுப் பார்க்கும்போது இரண்டாம் காலத்தோடு நான் நின்றுவிடுகிறேன். கணக்கு அறிந்தவர்கள் செய்யவேண்டிய வேலை இது. கச்சேரிகளின்போது நோட்டுப் புத்தகத்தில் குறித்துவைத்த பழைய ரசிகர்கள் இன்னும் சிலர் காஞ்சிபுரத்திலும் சென்னையிலும் இருக்கக்கூடும். அந்த நோட்டுப் புத்தகங்கள் எடைக்குப் போவதற்கு முன் யாராவது கேட்டு வாங்கவேண்டும். நாயனாப் பிள்ளையின் பல்லவிகளையும், கிடைத்தால் தனகோடி வீட்டில் பாடப்பட்டவற்றையும், அதே பட்டியலில், அதே வரிசையில் சேர்த்துப் போடவேண்டும். நினைவுக் கூட்டம் அதற்குப் பிறகு நடக்கட்டும்.